லீடர் உட்கார்ந்திருந்த பெட்டி

டீச்சர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தாள். கூரையில் எல் போர்டு மாட்டிய சின்னக் கார், அவள் காலடியில் இன்னொரு பிரேக், பக்கத்தில் வேர்த்துக் கொட்டும் ஒரு மாணவர். காலையிலிருந்து மாலைவரை இதுதான். மாணவர்கள் டீச்சர் என்று கூப்பிடப்போய்த் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. கடைசியில், மெத்தைக் கடையில் மேலாளராக இருந்த அவள் கணவரும் வீட்டுக்குள் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஊரின் தெருக்களை அவள் தனக்கென்று ஒரு கணக்கில் மனத்தில் பதித்து வைத்திருந்தாள். எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்காமல் உள்ளே விடுவார்கள், எந்தத் துணிக்கடையில் இதற்காக ஒரு கைக்குட்டையாவது வாங்கியாக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாணவர்களுக்கு வண்டி பழக்கும் தடத்தையே அதை வைத்துத்தான் போட்டிருந்தாள். "இந்த பங்க் வாசல்லயே ஏன் டீச்சர் எப்பவும் பார்க்கிங் பழகறோம்?" என்று ஒருவர் கேட்டபோது, "இங்கதான் இடம் தாராளமா இருக்கு" என்று சொல்லி வண்டியை நிறுத்த வைத்து இறங்கிப் போனாள்.

மகள் பிறந்த பிறகு வந்த தொல்லை அது. சிறுநீரை அடக்க முடியாது. வந்தால் உடனே போயாக வேண்டும். இருமினாலோ கொஞ்சம் வேகமாக நடந்தாலோ நிலைமை இன்னும் மோசம். டாக்டரம்மா சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார், மாத்திரையும் கொடுத்தார். அதில் ஓரளவு குறைந்ததே தவிர, விட்டுப் போகவில்லை. "அதுக்காகத் தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றும் சொல்லியிருந்தார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, வெளியே கிளம்பும் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருந்தாள்.

நாத்தனார் குடும்பம் வருஷம் தவறாமல் கடற்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கும். நாத்தனாரின் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். வீட்டிலும் ஷிஃப்ட் நடத்துபவர். கழுத்தில் விசிலோடுதான் கடற்கரையில் இறங்குவார் என்பதால் அவருக்கு லீடர் என்று பெயர். அவர்களுடைய பையன்கள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. டீச்சரின் கணவரும் மகளும் ஒவ்வொரு வருஷமும் போய்விட்டு மண்ணும் ஈரத்துணியுமாகத் திரும்பி வருவார்கள். டீச்சர் போனதே இல்லை. "அன்னைக்கு வகுப்பு இருக்கு" என்பாள். அந்த மணல்வெளியில் ஒதுங்க ஒரு சுவர்கூடக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷம் மகள் விடவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து வெளியூர் கல்லூரிக்குப் போக இருந்தாள்.

"ஒரே ஒரு தடவை வாயேன்மா. அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேனோ."

"எனக்குப் பிரச்சினை இருக்குடி. உனக்குத்தான் தெரியுமே."

"அதுக்குன்னே பெட்டி மாதிரி ஒண்ணு விக்குதும்மா. எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம். நான் பாத்தேன்."

சனிக்கிழமை மூவரும் போனார்கள். ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் முகாம் சாமான்கள் விற்கும் பிரிவு இருந்தது. டீச்சர் விற்பனையாளரிடம் பேச ஆரம்பித்ததுமே கணவர் நாலு அடி தள்ளிப் போய், கூடாரத் துணியைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். கூட வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

"வயசானவங்களுக்கா மேடம்?" என்று விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

முதலில் காட்டியது மடக்கு ஸ்டூல். நடுவில் ஓட்டை, அதில் பையை மாட்ட வேண்டும், காரியம் முடிந்ததும் பையைக் கட்டிப் போட வேண்டும். டீச்சர் அதன் ஒல்லிக் கால்களைப் பார்த்தாள். "தரையில நிக்கும். மணல்ல? ஒரு கால் புதைஞ்சா நான் எங்க போய் விழறது?" அடுத்தது, மேலே இருக்கை வைத்த உயரமான வாளி. அதன் மூடியைத் திறந்து மூடி, தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தாள். மூடி கழன்று தரையில் உருண்டது. விற்பனையாளர் ஓடிப் போய் எடுத்தார். காரின் பின்பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, சதுரமான வெள்ளைப் பெட்டி. மேல் தொட்டியில் நல்ல தண்ணீர், கீழ்த் தொட்டியில் கழிவு, இரண்டுக்கும் நடுவே இழுத்துத் திறக்கும் தகடு. கீழே நீலநிற மருந்து ஊற்றினால் நாற்றம் வராது. நிறைந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் சிவப்பு தெரியும். அப்போது கீழ்த் தொட்டியை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டலாம். கொட்டும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று உள்ளே போய்த் தெறிக்காமல் விழும். டீச்சர் மூடியை இறக்கிப் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். புதுக் காரின் இருக்கையை மாணவர்கள் சரிபார்ப்பதுபோல முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள். அசையவில்லை. அடியில் ஒரு பலகையைப் போட்டுவிட்டால் மணலில் புதையாது. சுற்றி மறைக்க ஓர் ஆள் நிற்கிற மாதிரி ஒடுங்கிய கூடாரமும் வாங்கினாள். மணலில் முளை நிற்காதென்று, மணல் நிரப்பிப் புதைக்கும் பைகளையும் கேட்டு வாங்கினாள்.

"ஏங்க, இதைப் பிடிங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் கணவர் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தாயும் மகளும் குளியலறையில் ஒத்திகை பார்த்தார்கள். வெறும் தண்ணீரை ஊற்றி, தகட்டை இழுத்து, தொட்டியைக் கழற்றி, பொத்தானை அழுத்திக் கொட்டி, மறுபடி மாட்டினார்கள். "நம்ம வீட்டு டாய்லெட்டை விட இது ஒழுங்கா வேலை செய்யுதும்மா" என்றாள் மகள். எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதைத் தூக்கிக்கிட்டு மாமா முன்னாடி எறங்கணுமா? மானம் போயிடும்."

"யாரு மானம்?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா யாரு மானமும் போகாது. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நானே போன் பண்ணி அண்ணிகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம் வேணாம். நீ சொன்னா டக்குனு சொல்லிடுவே. நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

"சொல்லிடுவீங்கள்ல?"

"அதான் சொல்றேன்னு சொல்றேன்ல."

டீச்சர் நம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை கடற்கரைக்கு அவள்தான் வண்டி ஓட்டினாள். காலையிலிருந்து தண்ணீர் வாயில் படவில்லை. முகாம் வாசலில் காவலாளியின் அறை, அதை ஒட்டி இரண்டு கழிப்பறைகள். ஒன்றின் கதவில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். மற்றதில் தண்ணீர் வரவில்லை. பின்னால் தொட்டிக் கழிவுகளைக் கொட்டுவதற்கென்று இரும்பு மூடி போட்ட ஒரு குழி. அதை மட்டும் அவள் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். லீடர் வழக்கம்போல வாசலிலிருந்து ஒரேயடியாகத் தள்ளி, கடைக்கோடியில் இடம் பிடித்திருந்தார். சாமான்களை இறக்கிவிட்டு டீச்சர் காரை நிழலில் கொண்டுபோய் நிறுத்தினாள். மணலில் டயர் புதையாத இடம் பார்த்து நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பி நடந்து வந்தபோது லீடர் அந்தப் பெட்டியின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி! இந்த வருஷந்தான் உனக்கு எங்க ஞாபகம் வந்துதா? ஐஸ்பெட்டி பிரமாதம். உக்கார வாகா இருக்கு."

டீச்சர் கணவரைப் பார்த்தாள். கணவர் ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். அந்தக் கயிற்றில் முடிச்சே இல்லை. மகள் மெல்லப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "மாமா இது ஐஸ்பெட்டியான்னு கேட்டாரு. அப்பா ஆமான்னுட்டாரு."

"அந்தக் கூடாரம்?"

"துணி மாத்தறதுக்காம்."

நாத்தனார் அதற்குள் அதன் கயிற்றில் துண்டுகளைக் காயப் போட்டிருந்தாள்.

டீச்சர் கணவரைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"போன்ல சொல்லலையா?"

"சொல்லலாம்னுதான் எடுத்தேன். மாமா வேற ஏதோ பேச ஆரம்பிச்சிட்டாரு."

"இப்ப சொல்லுங்க."

"இப்பவா? அவரு அது மேல உக்காந்து பழம் சாப்பிடறாரு. அது டாய்லெட்டுன்னு எப்படிச் சொல்றது? கொஞ்சம் பொறு. அவங்க கடல்ல எறங்கட்டும், அந்தக் கேப்ல நீ போயிட்டு வந்துடு. யாருக்கும் தெரியாது."

"திருட்டுத்தனமாவா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு டீச்சர்."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. ஆனாலும் வந்த இடத்தில், வந்த நிமிஷமே, முதல் தடவையாக வந்தவள் எப்படிச் சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லீடர் கடலில் இறங்கவில்லை. மற்றவர்களை இறக்கிவிட்டார். பெட்டியில் உட்கார்ந்தபடியே விசிலை ஊதி, "ரொம்ப உள்ள போகாதே! இந்தப் பக்கம் வா!" என்று உத்தரவு போட்டார். நாத்தனார் முழங்கால்வரை நனைத்துக்கொண்டு வந்து ரொட்டி பிரித்தாள். பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டீச்சர் ஒரு வாய்கூடச் சரியாக இறக்கவில்லை. "தண்ணி குடிங்க, வெயில் கொளுத்துது" என்று நாத்தனார் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். டீச்சர் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் தம்ளரை மணலில் கவிழ்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவளுக்கு வந்துவிட்டது. காவலாளி அறைக்கு நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினாள். மணலில் ஒவ்வோர் அடிக்கும் கால் புதைந்தது. வேகமாக நடக்கவும் முடியாது, மெதுவாக நடக்கவும் முடியாது. பாதி தூரத்தில், எட்டாது என்று உடம்பு சொல்லிவிட்டது. நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னபடி இறுக்கிக்கொண்டாள். அந்த அவசரம் கொஞ்சம் தணிந்ததும் அப்படியே திரும்பினாள். போக வேண்டிய இடம் பின்னால்தான் இருந்தது. அவள் தேர்ந்தெடுத்து, உலுக்கிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து வாங்கிய பெட்டி. அதன்மேல் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.

வந்து சேர்ந்தபோது லீடர் எழுந்து நின்றிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"மாப்ள, குளிர்ச்சியா ஏதாவது குடிக்கலாம்னா உன் ஐஸ்பெட்டி மூடி ஏன் வர மாட்டேங்குது?"

"அது ஜாம் ஆயிடிச்சு மாமா. விட்டுடுங்க மாமா."

"விடறதா? நம்ம பேக்டரியில எத்தனை மூடியைத் திறந்திருக்கேன்!" லீடர் குனிந்து தாழ்ப்பாளுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரைச் செருகினார்.

"அண்ணா, உடைச்சிடாதீங்க." டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "அது ஐஸ்பெட்டி இல்ல. கக்கூஸ். எனக்காக வாங்கினது. கொஞ்சம் தள்ளுங்க, எனக்கு அவசரம்."

லீடர் குனிந்த நிலையிலேயே நின்றார். பெட்டியின்மேல் ஆரஞ்சுத் தோலும் ரொட்டித் துணுக்கும் கிடந்தன. டீச்சர் அவற்றைக் கையால் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். மகள் பலகையையும் நீல மருந்தையும் தண்ணீர்க் கேனையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கூடாரத்துக்குள் இருவரும் முட்டி மோதிக்கொண்டு பலகை போட்டு, மருந்து ஊற்றி, மேல் தொட்டியில் தண்ணீர் விட்டார்கள். "போதும், போதும், வெளிய போ" என்று டீச்சர் மகளைத் தள்ளினாள்.

சரியான நேரத்துக்கு உட்கார்ந்துவிட்டாள். அந்த நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. கூடாரத் துணி மெல்லியது. காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியது.

"அடப்பாவி! அது மேலயாடா உக்காந்து நான் ஆரஞ்சு தின்னேன்?"

"புதுசு மாமா. யாரும் உபயோகிக்கல."

"ஆக, மகாராணி சிம்மாசனத்தோடதான் எழுந்தருளியிருக்காங்க!"

லீடர் விழுந்து விழுந்து சிரித்தார். நாத்தனாரின் சிரிப்பும் கேட்டது. அவற்றோடு மூன்றாவதாக ஒரு சிரிப்பு. மூக்கால் வரும், கடையில் வாடிக்கையாளர் சொல்லும் மொக்கை ஜோக்குக்கெல்லாம் வரும் அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியாதா?

வெளியே வந்தாள். கையைக் கழுவினாள். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது.

"நீங்க சிரிச்சது உள்ள கேட்டுது" என்றாள் கணவரிடம்.

"நான் சிரிக்கல. மாமா சொன்னதுக்கு..."

"சிரிச்சீங்க."

"ஏம்மா, இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கற?" என்று நாத்தனார் இடையில் வந்தாள். "வருஷா வருஷம் நாங்கல்லாம் வந்துட்டுத்தான் போறோம். இருட்டினதும் ஒரு ஓரமா ஒதுங்கிட்டு வரோம். எங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"எனக்கு இருட்டற வரைக்கும் தாங்காது அண்ணி. வந்தா உடனே போயாகணும். இவ பிறந்ததுலேர்ந்து இப்படித்தான். அதனாலதான் இத்தனை வருஷமா நான் வரல."

நாத்தனார் முகம் மாறியது. "வகுப்பு இருக்குன்னு இல்ல தம்பி சொல்லுவான்?"

"வகுப்புன்னு நான்தான் சொன்னேன். ஆனா ஏன்னு இவருக்குத் தெரியும்."

"எங்களுக்குத் தெரியாதே. நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? எங்களோட ஒரு பாயில உக்கார உனக்கு இஷ்டமில்லைன்னு. சம்பாதிக்கிற திமிருன்னு. நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன நெனச்சீங்க?"

அவர் கடலைப் பார்த்தார். "நானும்... அப்படித்தான்னு..."

"அப்படித்தான்னு?"

"இந்தப் பெட்டி வாங்கற வரைக்கும், எங்க வீட்டு ஆளுங்களைப் பிடிக்காமத்தான் வரமாட்டேங்கறேன்னு நெனச்சேன். கேட்டா சண்டை வரும்னு கேக்கல."

"உங்ககிட்ட சொன்னேனே! டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கே சொன்னேனே!"

"சொன்னியா?" என்றார் அவர். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக் கதவைத் திறந்து அவர்களை வழியனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், திமிர் பிடித்தவள் என்று ஒரு குடும்பமே தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு இந்த மனுஷன் ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறார். அவள் போய்க் காரில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். சாவியைப் போட்டாள். ஒரு பத்து விநாடி, நிஜமாகவே கிளம்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

மகள் கண்ணாடியைத் தட்டினாள். கையில் தண்ணீர் பாட்டில். "குடிம்மா. அதான் இப்ப இருக்குல்ல."

டீச்சர் வாங்கி, பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிவரை குடித்தாள்.

அன்று மாலை யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. லீடர்கூட விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் இருட்டும் நேரத்தில் நாத்தனார் யாரிடமும் எதுவும் கேட்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஒடுங்கிய கூடாரத்துக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரத்தில் தகட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

விடிந்ததும் பார்த்தால் கூடாரத்து வாசலில் லீடரின் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து ரேடியோவில் செய்தி வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் சீக்கிரம்" என்றாள் டீச்சர்.

"இதோ தங்கச்சி, இதோ." செய்தி முடிந்து வானிலை அறிக்கை ஆரம்பித்தது.

டீச்சர் காலை மாற்றி மாற்றி நின்றாள். பின்னால் நாத்தனார், அவளுக்குப் பின்னால் கணவர், கையில் பல் தேய்க்கும் பிரஷ். தான் தேடித் தேடி வாங்கியதற்குத் தானே வரிசையில் நிற்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. கூடாரத் துணியைப் படபடவென்று அடித்தாள். "அண்ணா! எழுந்து வாங்க! எனக்கு முடியல!"

உள்ளே ரேடியோ பட்டென்று நின்றது. லீடர் வேட்டியை அள்ளிப் பிடித்தபடி வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அதன் பிறகு அவள் எழுந்தாலே மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

காலைச் சாப்பாடு முடியும்போது பெட்டியின் கண்ணாடியில் சிவப்பு தெரிந்தது. மகள்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நாலு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"பொருள் யாருதோ அவங்கதான..." என்று லீடர் ஆரம்பித்தார்.

"என் பொருள்தான் அண்ணா. நிரப்பினது நான் மட்டுமில்ல." டீச்சர் ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். "வாசல்கிட்ட இரும்பு மூடி போட்ட குழி இருக்கு. காவலாளிகிட்ட சாவி இருக்கும். நீங்க ஒரு பக்கம் பிடிங்க, இவரு ஒரு பக்கம் பிடிக்கட்டும்."

"நானா?" என்றார்கள் இருவரும்.

"ஏன், எங்களைவிட உங்களுக்குத்தான் கையில பலம் அதிகம்" என்றாள் நாத்தனார் தன் கணவரைப் பார்த்து. டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் அவள் பக்கம் திரும்பாமலே பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இருவரும் கீழ்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் தள்ளாடித் தள்ளாடிப் போனார்கள். லீடர் வேகமாக நடந்தார். கணவர் மெதுவாக நடந்தார். இரண்டு தடவை கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டதும் தெரிந்தது. காவலாளி வாசலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். திரும்பி வந்தபோது லீடரின் சட்டையில் மார்பிலிருந்து தொப்பைவரை நீலநிறத் தெறிப்பு.

"பொத்தான் இருக்குன்னு சொல்லலையே இவன்!" என்று லீடர் கத்தினார்.

"எனக்கே தெரியாது மாமா!"

"நீதானடா கடைக்குப் போய் வாங்கினே?"

கணவர் டீச்சரைப் பார்த்தார். கூடாரத் துணியைத் தடவிக்கொண்டிருந்தேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு லீடருக்கு வேறு சட்டை எடுத்துக் கொடுத்தாள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் ஓடினாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உரித்த ஆரஞ்சை ஒரு சுளை விடாமல் தின்று முடித்தாள்.

கிளம்பும்போது லீடர் கார் ஜன்னலில் குனிந்தார். "அடுத்த வருஷமும் அதைக் கொண்டு வந்துடு தங்கச்சி. வசதியாத்தான் இருக்கு."

"முதல்ல என்னை வரச் சொல்லுங்க அண்ணா. அதை அப்புறம் வரச் சொல்லலாம்."

லீடர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "சரி, சரி. நீயும் வா" என்றார். அதுவே அவருக்குப் பெரிய மன்னிப்பு என்று டீச்சர் புரிந்துகொண்டாள்.

வழியெல்லாம் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "டீச்சர், நான் என்ன சொல்றேன்னா..."

"வண்டி ஓட்டறேன். இப்ப எதுவும் சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்தும் அவள் பேசவில்லை. பெட்டியை அவரே சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் வெயிலில் வைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். சண்டை போட்டால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் அடுப்படியில் நின்றிருந்தபோது கூடத்தில் கணவர் போனில் பேசுவது கேட்டது.

"இல்லக்கா, நீ எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சது தப்பு. அவ திமிர்லாம் இல்ல. நான்தான் உங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். அவளுக்கு ஒரு உடம்பு... இரு அக்கா, சொல்றேன். என்ன வியாதின்னா, அது வந்து... சர்க்கரை மாதிரி... இல்ல, கிட்னியில ஏதோ..."

டீச்சருக்கு வந்த கோபத்தில் கரண்டி கையிலிருந்து பாத்திரத்துக்குள் விழுந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்த மனுஷனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஆனாலும் யாரும் சொல்லாமல், அவராகவே போனை எடுத்து, அவராகவே தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். திட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் கால் கூடத்துக்கு வந்துவிட்டது.

"சர்க்கரையும் இல்ல, கிட்னியும் இல்ல. குடுங்க இங்க." போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணி, இவர் சொல்றதை நம்பாதீங்க. எனக்குச் சர்க்கரை கிர்க்கரைன்னு ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பிரசவத்துக்கப்புறம் அடியில தசை தளர்ந்துபோனதால வர்றது."

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா." நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது. யாரோ பக்கத்தில் இருப்பதுபோல, கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். இருமினா, தும்மினா வருமே... அதுவும் இதேதானா?"

"அதேதான் அண்ணி. உங்களுக்கும் இருக்கா?"

"ரெண்டாவது பையன் பிறந்ததுலேர்ந்து. இந்த மனுஷன்கிட்ட சொன்னா விசில் ஊதிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாரு. அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க? பயிற்சின்னா என்ன பயிற்சி?"

டீச்சர் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல்ல நேரா உக்காருங்க அண்ணி. உக்காந்துட்டீங்களா? இப்ப நான் சொல்ற மாதிரி செய்யுங்க." வண்டி பழகுபவர்களிடம் பேசும் குரல் தானாகவே வந்துவிட்டது.

கணவர் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டியபடி நின்றார். "அடுப்புல தீஞ்சுடப் போகுது, போய்ப் பாருங்க" என்று அவள் கையால் ஜாடை காட்டினாள். அவர் போனார்.